என்8என்-ஐ டெர்மினல்லேர்ந்தே பாத்துக்கறது எப்படி: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

சிங்கப்பூர் செங்காங்ல எங்க அக்கா வீட்டுலயே தமிழ் டியூஷன் எடுக்குறாங்க, தொடக்கநிலை 4லேர்ந்து 6 வரைக்கும், தொடக்கநிலை 6 முடிவுல வர்ற பிஎஸ்எல்இ பரீட்சை எழுதுற பிள்ளைங்கதான் ஜாஸ்தி. யாருக்கு எந்த நாள் கிளாஸ், யாரு இந்த மாசக் காசு பேநவ்ல போட்டாச்சு, யாரு இன்னைக்கு வரமாட்டாங்கன்னு எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வச்சு ராத்திரி 10 மணிக்கு உக்காந்து ஒவ்வொரு அம்மாவுக்கா மெசேஜ் அனுப்பிட்டு இருந்தாங்க. அத பாத்துட்டுதான் என்8என் போட்டுக் குடுத்தேன், இப்ப பெற்றோர் ஃபார்ம் நிரப்புனா ஷீட்ல ஏறுது, கிளாஸுக்கு முன்னாடி டெலிகிராம்ல தானா ஞாபகப்படுத்துது, அக்கா ராத்திரி தூங்குறாங்க.

இத பாத்துட்டு தெரிஞ்சவங்க நெறைய பேரு எனக்கும் சொல்லிக் குடுங்கன்னு கேட்டாங்க, பாக்ஸ இழுத்துப் போட்டு கோடு இழுக்குற வேலைய எல்லாரும் ஒரு மணி நேரத்துல கத்துக்கிறாங்க, ஆனா அதுக்கு அடியில இருக்குற கறுப்பு ஸ்க்ரீன், அதான் டெர்மினல், அத தொறக்கச் சொன்னா உடனே பயந்துடுறாங்க. அதனால அந்தப் பக்கத்த மட்டும் இங்க எழுதுறேன். பேக்கப் எடுக்கறது, பாஸ்வேர்ட் மறந்தா உள்ள போறது, தப்பா ஓடுற ஒண்ண நிப்பாட்டுறது, இதெல்லாம் பிரவுசர் தொறக்காத நாள்லதான் தேவைப்படும், அன்னைக்கு கைகுடுக்குறது டெர்மினல் மட்டும்தான்.

என்8என்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். 2019ல பெர்லின்ல யான் ஓபர்ஹவுசர் ஆரம்பிச்சது, முழுப் பேரு நோட்மேஷன், இங்கிலீஷ்ல எழுதுனா முதல் என்னுக்கும் கடைசி என்னுக்கும் நடுவுல 8 எழுத்து, அதான் பேருல 8. ஒரு ஆப்ல ஏதாச்சும் நடந்தா இன்னொரு ஆப்ல இத செய்யின்னு சொல்லி வைக்கிற சாஃப்ட்வேர், ஒவ்வொரு வேலைக்கும் வொர்க்ஃப்ளோன்னு பேரு. காசு கட்டி அவங்க சர்வர்லயே வச்சுக்கலாம், இல்ல நம்ம மெஷின்லயே சும்மா போட்டுக்கலாம். நான் சொல்லப்போறது ரெண்டாவது.

கமாண்ட் எல்லாத்தையும் போன்ல ஒருத்தருக்கு வாயால சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதியிருக்கேன். நீங்க அடிக்கிறப்ப அதையே இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க. நான் விட்டிருக்குற இடத்துல மட்டும் ஸ்பேஸ் விடுங்க, ரெண்டு டேஷ் போட்டிருந்தா ரெண்டும் ஒட்டி வரணும், கோலன் ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் கூடாது. பாதிப் பேருக்கு எரர் வர்றதே இந்த ஸ்பேஸ்லதான்.

முதல்ல இன்ஸ்டால். அதுக்கு டாக்கர் வேணும், ஒரு சாஃப்ட்வேர தனி டப்பாக்குள்ள வச்சு ஓட்டுறதுதான் அதோட வேலை, அந்த டப்பாவுக்குப் பேரு கன்டெய்னர். விண்டோஸ், மேக் ரெண்டுலயும் டாக்கர் டெஸ்க்டாப் போட்டுக்கோங்க, லினக்ஸ்னா டாக்கர் மட்டும் போதும். நோட் ஜேஎஸ் போட்டு என்பிஎம் வழியாவும் என்8என் இன்ஸ்டால் பண்ணலாம், ஆனா நோட் வெர்ஷன் ஒத்துவரலன்னா அரை நாள் அதுலயே போயிடும், புதுசா வர்றவங்களுக்கு டாக்கர்தான் என் சாய்ஸ். டெர்மினல தொறந்து, விண்டோஸ்னா பவர்ஷெல், முதல்ல இத அடிங்க:

டாக்கர் வால்யூம் கிரியேட் என்8என்_டேட்டா

இது உங்க டேட்டாவுக்குன்னு தனியா ஒரு பெட்டி. அப்புறம் இது, எல்லாம் ஒரே வரியில:

டாக்கர் ரன் -டி --நேம் என்8என் --ரீஸ்டார்ட் அன்லெஸ்-ஸ்டாப்ட் -பி 5678:5678 -ஈ ஜெனரிக்_டைம்ஸோன்=ஏசியா/சிங்கப்பூர் -ஈ டிஇசட்=ஏசியா/சிங்கப்பூர் -வி என்8என்_டேட்டா:/ஹோம்/நோட்/.என்8என் டாக்கர்.என்8என்.ஐஓ/என்8என்ஐஓ/என்8என்

நீளமாத்தான் இருக்கு, ஆனா ஒவ்வொண்ணும் எதுக்குன்னு தெரிஞ்சா பயம் போயிடும். -டி (டாக்கர்ல முதல்ல வர்ற டி) போட்டா பின்னாடி ஓடிட்டே இருக்கும், டெர்மினல மூடுனாலும் நிக்காது. -பி-ங்கறது போர்ட்ல வர்ற பி, 5678ங்கறது என்8என் எப்பவும் கேக்குற போர்ட், அதாவது உள்ள போற கதவு நம்பர் மாதிரி, பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட்:5678னு போட்டா வந்துடும். -வி-க்கு அப்புறம் இருக்குறதுதான் உயிர், அந்தப் பெட்டிய கன்டெய்னருக்குள்ள மாட்டுது, அத விட்டுட்டா கன்டெய்னர அழிக்கிற அன்னைக்கு உங்க வொர்க்ஃப்ளோ எல்லாம் சேந்து போயிடும். ஜெனரிக் டைம்ஸோன், டிஇசட் (டைம்ல வர்ற டி) ரெண்டு மட்டும் கேப்பிட்டல் எழுத்துல அடிக்கணும், ஏசியா சிங்கப்பூர்லயும் முதல் எழுத்து கேப்பிட்டல். நோட்னு வர்ற இடத்துல என் ஓ டி ஈன்னு அடிங்க.

டைம்ஸோன ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, ஒண்ணும் சொல்லாம விட்டா என்8என் நியூயார்க் நேரத்த எடுத்துக்கும். முதல் வாரம் நான் அத கவனிக்கல, காலைல 7 மணிக்குப் போக வேண்டிய மெசேஜ் சாயந்திரம் 7 மணிக்கு, கிளாஸ் முடிஞ்சு பிள்ளைங்க வீட்டுக்குப் போனப்புறம் பெற்றோருக்குப் போச்சு, அது ஜூன் மாசம், அங்க கோடை நேரம், நமக்கும் அவங்களுக்கும் சரியா 12 மணி நேர வித்தியாசம். நம்மூரு நேரம் வருஷம் பூரா மாறாது, அங்க மாறும், அதனால நவம்பர்ல பாத்தா 13 மணி நேரம் ஆயிருக்கும், பத்து நாள் தலைய பிச்சுக்கிட்டாலும் காரணம் புரிஞ்சிருக்காது.

எங்க வச்சு ஓட்டுறதுன்னு கேப்பீங்க. வீட்டுல சும்மா கிடக்குற பழைய லேப்டாப்பே போதும், மூடுனா தூங்கிடாத மாதிரி செட்டிங் மட்டும் மாத்தணும். வீட்டு ரௌட்டருக்குப் பின்னாடி இருக்குற மெஷின வெளியேர்ந்து யாரும் கூப்பிட முடியாது, அதனால வெப்ஹுக், அதாவது வெளிய இருக்குற ஆப் நேரா நம்ம என்8என்ன கூப்பிடுறது, வேலை செய்யாது, ஆனா குறிச்ச நேரத்துக்கு ஓடுறது, ஷீட்ல புது வரி வந்துச்சான்னு நம்ம என்8என் போய் எட்டிப் பாக்குறது, டெலிகிராமுக்கு மெசேஜ் அனுப்புறது எல்லாம் நல்லா ஓடும். அக்காவுக்கு அதுவே போதுமா இருக்கு.

பழகிப் பாக்குறதுக்கு ஒரு சின்ன வொர்க்ஃப்ளோ செஞ்சு வச்சுக்கோங்க. நான் எல்லாருக்கும் சொல்றது புகைமூட்டம் பாக்குறது. அரசாங்கத்தோட டேட்டா தளத்துல பிஎஸ்ஐ, அதான் காத்து எவ்ளோ மாசா இருக்குன்னு காட்டுற அளவு, வட்டாரம் வட்டாரமா, வடக்கு தெற்கு கிழக்கு மேற்கு மத்தின்னு அஞ்சா பிரிச்சு வருது, கீ எதுவும் இல்லாமலே எடுக்கலாம். 100ஐத் தாண்டுனா ஆரோக்கியமில்லாத நிலை, அப்ப ஒரு மெசேஜ் அனுப்புன்னு சொல்லி வச்சா முடிஞ்சது. 2013 ஜூன் 21 அன்னைக்கு மூணு மணி நேர பிஎஸ்ஐ 401 போனத பாத்தவங்களுக்கு இது எவ்ளோ உபயோகம்னு நான் சொல்லத் தேவையில்ல. பிள்ளைங்க பேரு, பெற்றோர் நம்பர் எதுவும் உள்ள இல்லாததால இத அழிச்சு அழிச்சு விளையாடலாம், ஒண்ணும் நஷ்டமில்ல.

இப்ப டெர்மினலுக்கு வருவோம். ஓடிட்டு இருக்கான்னு பாக்க டாக்கர் பிஎஸ். உள்ள என்ன சொல்லிட்டு இருக்குன்னு பாக்க டாக்கர் லாக்ஸ் -எஃப் என்8என், வெளிய வர கன்ட்ரோல் சி. என்8என்-க்குன்னே இருக்குற கமாண்ட் எல்லாத்துக்கும் முன்னாடி டாக்கர் எக்ஸெக் -யூ நோட் என்8என் அப்படின்னு ஒண்ணு சேக்கணும், அதாவது அந்தக் கன்டெய்னருக்குள்ள நோட்ங்கற யூசரா போயி இத செய்யின்னு அர்த்தம். அதுக்கப்புறம் இன்னொரு தடவ என்8என்னு வரும், முதல்ல வர்றது கன்டெய்னர் பேரு, ரெண்டாவது வர்றது சாஃப்ட்வேர், ஒரே பேரு ரெண்டு தடவ வருதேன்னு ஒண்ண அழிச்சுடாதீங்க.

பேக்கப்லேர்ந்து ஆரம்பிங்க. வொர்க்ஃப்ளோ பத்து ஆனப்புறம் பாத்துக்கலாம்னு இல்லாம ஒண்ணு இருக்குறப்பவே, இன்னைக்கே:

டாக்கர் எக்ஸெக் -யூ நோட் என்8என் என்8என் எக்ஸ்போர்ட்:வொர்க்ஃப்ளோ --பேக்கப் --அவுட்புட்=/ஹோம்/நோட்/.என்8என்/பேக்கப்/

ஒவ்வொரு வொர்க்ஃப்ளோவும் தனித்தனி ஜேசான் ஃபைலா அந்தக் கன்டெய்னர்ல இருக்குற ஃபோல்டர்ல விழும். ஃபைல் பேரு வொர்க்ஃப்ளோ பேரு இல்ல, ஐடி, அதனால பாத்தா ஏதோ கிறுக்குன மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. உள்ளயே வச்சிருந்தா அது பேக்கப் இல்ல, மெஷின் போச்சுன்னா அதுவும் போச்சு, வெளிய எடுங்க, சிபிங்கறது காப்பிக்குச் சுருக்கம்:

டாக்கர் சிபி என்8என்:/ஹோம்/நோட்/.என்8என்/பேக்கப் ./பேக்கப்

இத ஒரு யூஎஸ்பிலயோ வேற இடத்துலயோ போட்டு வைங்க. கிட்ஹப்ல போடுறதா இருந்தா பிரைவேட்ல போடுங்க, ஏன்னா சில பேரு டோக்கன, அதாவது ஒரு ஆப்ப தொறக்குற ரகசிய எழுத்த, அதுக்குன்னே இருக்குற கிரெடென்ஷியல்ங்கற எடத்துல வைக்காம நேரா ஹெச்டிடிபி நோட்லயே (வொர்க்ஃப்ளோவுல இருக்குற ஒவ்வொரு பாக்ஸுக்கும் நோட்னு பேரு) ஒட்டிடுறாங்க, அது அப்படியே ஃபைல்ல வெளிய வந்துடும். இன்னொண்ணு, இந்த பேக்கப்ல வொர்க்ஃப்ளோ மட்டும்தான் வரும், எது எப்ப ஓடுச்சுங்கற பழைய பதிவு வராது. அந்தப் பதிவையும் என்8என் சும்மா விட்டா 14 நாள் வரைக்கும்தான் வச்சிருக்கும்.

கிரெடென்ஷியல், அதாவது கூகுள், டெலிகிராம் கனெக்ஷன் எல்லாம், அதுக்கு எக்ஸ்போர்ட்:கிரெடென்ஷியல்ஸ்னு தனிக் கமாண்ட், பின்னாடி அதே --பேக்கப்பும் --அவுட்புட்டும், ஃபோல்டர் பேரு மட்டும் வேற குடுங்க. வெளிய வர்றது பூட்டியே வரும், அந்தப் பூட்டுக்குச் சாவி என்க்ரிப்ஷன் கீ. --டீக்ரிப்டட்னு சேத்துப் போட்டா பூட்டில்லாம, பாஸ்வேர்ட் எல்லாம் வெறும் எழுத்தா வரும், அந்த ஃபைல வாட்ஸ்ஆப்ல அனுப்புறது டிரைவ்ல போடுறது எல்லாம் கூடவே கூடாது, வேலை முடிஞ்ச கையோட அழிச்சுடுங்க. அக்காகிட்ட பிள்ளைங்க பேரு, பெற்றோர் நம்பர் எல்லாம் இருக்கு, நம்மூர்ல தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012லேர்ந்து இருக்கு, சட்டத்துக்காகன்னு மட்டும் இல்ல, நம்மள நம்பி ஒருத்தங்க நம்பர் குடுத்திருக்காங்க. டியூஷனுக்கு ஐசி, அதான் அடையாள அட்டை நம்பர் எதுக்கு, அத ஃபார்ம்ல கேக்கவே கேக்காதீங்க.

இந்தச் சாவி விஷயத்துல நான் பட்டது வேற. பழைய லேப்டாப்லேர்ந்து புதுசுக்கு மாத்துறப்ப டேட்டாபேஸ் ஃபைல மட்டும் காப்பி பண்ணேன், டேட்டாபேஸ்.எஸ்க்யூலைட்னு ஒரு ஃபைல், எல்லாமே அதுலதான்னு நெனச்சேன். புதுசுல தொறந்தா வொர்க்ஃப்ளோ எல்லாம் அழகா இருக்கு, ஓட்டுனா எல்லாத்துலயும் கிரெடென்ஷியல டீக்ரிப்ட் பண்ண முடியலன்னு எரர். பக்கத்துலயே கான்ஃபிக்னு ஒரு குட்டி ஃபைல் இருந்திருக்கு, முதல் தடவ ஸ்டார்ட் பண்றப்ப என்8என் சாவிய உண்டாக்கி அதுலதான் எழுதி வைக்கும், பழைய லேப்டாப்ப அதுக்குள்ள ஃபார்மட் பண்ணிக் குடுத்தாச்சு. சாவி இல்லன்னா யாராலயும் திறக்க முடியாது, ஒவ்வொரு கனெக்ஷனையும் மொதல்லேர்ந்து போட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க போச்சு. நீங்க இத அடிங்க, இப்பவே:

டாக்கர் எக்ஸெக் என்8என் கேட் /ஹோம்/நோட்/.என்8என்/கான்ஃபிக்

கேட்ங்கறது பூனைக்கு எழுதுற அதே சி ஏ டி. என்க்ரிப்ஷன்கீன்னு போட்டு பக்கத்துல நீளமா ஒண்ணு வரும். அத பாஸ்வேர்ட் மேனேஜர்ல போட்டு வைங்க. அக்கா வீட்டுல நான் பேப்பர்லயும் எழுதி பிறப்புச் சான்றிதழ் இருக்குற ஃபைல்ல வச்சிருக்கேன்.

பேக்கப் எடுத்தது உண்மையிலயே வேலை செய்யுதான்னு திருப்பிப் போட்டுப் பாத்தாதான் தெரியும். அதுக்கு ஓடிட்டு இருக்குறத தொட வேணாம், தனியா இன்னொரு என்8என் தொறக்கலாம், அதே டாக்கர் ரன் கமாண்ட்ல மூணு இடம் மட்டும் மாத்துங்க, பேரு என்8என்-டெஸ்ட், போர்ட் 5679:5678, வால்யூம் என்8என்_டெஸ்ட். பிரவுசர்ல 5679 போட்டு ஒரு அக்கவுண்ட் உண்டாக்கிட்டு, பேக்கப் ஃபோல்டர உள்ள அனுப்பி இம்போர்ட் பண்ணுங்க, டிஎம்பில வர்றதும் டைம்ல வர்ற டி:

டாக்கர் சிபி ./பேக்கப் என்8என்-டெஸ்ட்:/டிஎம்பி/பேக்கப்

டாக்கர் எக்ஸெக் -யூ நோட் என்8என்-டெஸ்ட் என்8என் இம்போர்ட்:வொர்க்ஃப்ளோ --செப்பரேட் --இன்புட்=/டிஎம்பி/பேக்கப்

ரெண்டு விஷயம் ஞாபகத்துல இருக்கட்டும். இம்போர்ட் ஆகுறது எல்லாம் அணைஞ்ச நிலையிலதான் வரும், நீங்களா ஆன் பண்ணணும், ஆனா டெஸ்ட்ல ஆன் பண்ணாதீங்க, ரெண்டும் ஓடி ஒரே அம்மாவுக்கு ரெண்டு மெசேஜ் போகும். அப்புறம் ஐடி ஃபைலுக்குள்ளயே இருக்கு, அதனால ஏற்கனவே அதே ஐடி இருக்குற இடத்துல இம்போர்ட் பண்ணா கேக்காம மேல எழுதிடும், நேத்து பேக்கப்ப இன்னைக்கு லைவ்ல போட்டா இன்னைக்கு செஞ்ச மாத்தம் எல்லாம் போச்சு. அதனாலதான் டெஸ்ட்ல பழகுங்கன்னு சொல்றேன்.

கையால தினம் எடுக்க முடியாது, மறந்துடுவோம். லினக்ஸ், மேக்ல கிரான்டேப் -ஈ அடிச்சு, 0 2 * * * போட்டு பின்னாடி அந்த எக்ஸ்போர்ட் கமாண்ட ஒட்டிட்டா ராத்திரி 2 மணிக்கு தானா எடுக்கும், வெளிய எடுக்குற டாக்கர் சிபிய மட்டும் அப்பப்ப நீங்க அடிச்சுக்கணும். நெட்ல நெறைய எடத்துல டாக்கர் எக்ஸெக் -ஐடின்னு போட்டிருப்பாங்க, ஐ, அப்புறம் டைம்ல வர்ற டி, ரெண்டு எழுத்து, கிரான்ல அத போட்டா டிடிஒய் இல்லன்னு எரர் அடிச்சு ஓடவே ஓடாது, கையால அடிச்சா மட்டும் ஓடும், அதான் குழப்பம். அந்த -ஐடிய எடுத்துடுங்க, சரியாயிடும். விண்டோஸ்ல டாஸ்க் ஷெட்யூலர்ல போட்டுக்கலாம்.

அடுத்து, ஒண்ணு தறிகெட்டு ஓடுதுன்னு வைங்க. கண்டிஷன தப்பா வச்சு நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ் பெற்றோர் குரூப்புக்குப் போகுது, பிரவுசர் சுத்திக்கிட்டே இருக்கு. யோசிக்காம முதல்ல டாக்கர் ஸ்டாப் என்8என், எல்லாம் நின்னுடும். ஆனா திரும்ப ஸ்டார்ட் பண்ணா அதுவும் திரும்ப ஓடுமே, அதுக்கு நிப்பாட்டி வச்சிருக்குறப்பவே எல்லா வொர்க்ஃப்ளோவையும் அணைக்கலாம்:

டாக்கர் ரன் --ஆர்எம் -வி என்8என்_டேட்டா:/ஹோம்/நோட்/.என்8என் டாக்கர்.என்8என்.ஐஓ/என்8என்ஐஓ/என்8என் அன்பப்ளிஷ்:வொர்க்ஃப்ளோ --ஆல்

தற்காலிகமா ஒரு கன்டெய்னர் எழும்பி அதே பெட்டிய தொறந்து அணைச்சுட்டு போயிடும். வெர்ஷன் 2லேர்ந்துதான் இந்த அன்பப்ளிஷ், அதுக்கு முன்னாடி வெர்ஷன் வச்சிருந்தா அப்டேட்:வொர்க்ஃப்ளோ --ஆல் --ஆக்டிவ்=ஃபால்ஸ்னு அடிக்கணும். அப்புறம் டாக்கர் ஸ்டார்ட் என்8என் போட்டு, உள்ள போயி தப்ப திருத்திட்டு ஒவ்வொண்ணா ஆன் பண்ணுங்க. என்8என் ஓடிட்டு இருக்குறப்பவே டாக்கர் எக்ஸெக் வழியா இத அடிச்சா டேட்டாபேஸ்ல மட்டும்தான் மாறும், ஓடுறது ஓடிட்டேதான் இருக்கும், டாக்கர் ரீஸ்டார்ட் என்8என் போட்டாதான் எடுத்துக்கும். கமாண்ட் சக்ஸஸ்னு சொல்லிச்சு ஆனா மெசேஜ் நிக்கலன்னு என்கிட்ட போன் பண்றவங்க எல்லாருக்கும் இதான் பதில்.

பாஸ்வேர்ட் மறந்துட்டா, வீட்டு மெஷின்ல ஈமெயில் அனுப்புற செட்டிங் போட்டிருக்க மாட்டோம், ஃபர்காட் பாஸ்வேர்ட் அமுக்குனாலும் ஒண்ணும் வராது. அப்ப யூசர்-மேனேஜ்மென்ட்:ரீசெட்னு ஒரு கமாண்ட், எக்ஸெக் வழியா அடிச்சு ரீஸ்டார்ட் பண்ணா முதல் நாள் மாதிரி அக்கவுண்ட் உண்டாக்கச் சொல்லும். வொர்க்ஃப்ளோ அப்படியே இருக்கும், ஆனா வேற யாருக்காச்சும் யூசர் குடுத்திருந்தா அது எல்லாம் போயிடும், திரும்ப கூப்பிடணும். போன் மாத்தி ரெண்டாவது கோட் வரலன்னா இவ்ளோ தூரம் போக வேணாம், எம்எஃப்ஏ:டிசேபிள் --ஈமெயில்=னு போட்டு உங்க மெயில் ஐடிய ஒட்டுனா போதும்.

டெர்மினல்லேர்ந்தே ஒரு வொர்க்ஃப்ளோவ ஓட்டலாம், எக்ஸிக்யூட் --ஐடி=னு போட்டு ஐடிய குடுத்தா ஓடும். ஓடிட்டு இருக்குற கன்டெய்னர்ல அடிச்சா சில வெர்ஷன்ல போர்ட் 5679 ஏற்கனவே புழக்கத்துல இருக்குன்னு எரர் வரும், நம்ம டெஸ்ட் என்8என் மேல சந்தேகப்படாதீங்க, அது உள்ளுக்குள்ள டாஸ்க் ப்ரோக்கர் பிடிச்சு வச்சிருக்குற போர்ட். புதுசா வர்றவங்களுக்கு இது அவசியமே இல்ல, பிரவுசர்லயே ஓட்டிப் பாத்துக்கலாம்.

மாசத்துக்கு ஒரு தடவ என்8என் ஆடிட்னு அடிச்சுப் பாருங்க, இதுக்கும் முன்னாடி அந்த எக்ஸெக் பகுதி உண்டு. யாரும் உபயோகிக்காத கிரெடென்ஷியல், ஆபத்தான நோட், பாதுகாப்பு இல்லாத வெப்ஹுக் எல்லாத்தையும் பட்டியல் போட்டுக் குடுக்கும். போன மாசம் அக்காவோடதுல பழைய டெலிகிராம் பாட் டோக்கன் ஒண்ணு சும்மா கிடந்தத இதுதான் காட்டிச்சு, அழிச்சேன்.

கடைசியா அப்டேட். பேக்கப் எடுத்தாச்சு, சாவி பத்திரமா இருக்குன்னு பாத்துட்டு மட்டும் ஆரம்பிங்க, கிளாஸ் இருக்குற நாள்ல செய்யாதீங்க, பெரிய வெர்ஷன் மாறுதுன்னா என்ன மாத்தியிருக்காங்கன்னு ரிலீஸ் குறிப்பையும் படிச்சிடுங்க. டாக்கர் புல் போட்டு பின்னாடி அந்த நீள இமேஜ் பேரு, அதான் ரன் கமாண்ட் கடைசியில வந்த டாக்கர்.என்8என்.ஐஓ/என்8என்ஐஓ/என்8என், அப்புறம் டாக்கர் ஸ்டாப் என்8என், டாக்கர் ஆர்எம் என்8என், திரும்ப அதே பழைய டாக்கர் ரன். ஆர்எம்னு பாத்து கை நடுங்கும், கன்டெய்னர் மட்டும்தான் போகும், பெட்டி அப்படியே இருக்கும். டாக்கர் கம்போஸ் வச்சு ஓட்டுறவங்க மட்டும் டவுன் போடுறப்ப பின்னாடி -வி சேக்காதீங்க, அது பெட்டியையும் சேத்து அழிச்சுடும். ரன் போட்டதும் டாக்கர் லாக்ஸ் -எஃப் என்8என் தொறந்து வச்சுக்கோங்க, டேட்டாபேஸ் மாத்துற வேலை ஓடுறப்ப கொஞ்ச நேரம் ஒண்ணும் வராது, நடுவுல அவசரப்பட்டு நிப்பாட்டாதீங்க, எடிட்டர் இஸ் நவ் ஆக்சஸிபிள் வயான்னு ஒரு வரி வரும், அது வந்தப்புறம் பிரவுசர தொறந்து, பிஎஸ்ஐ வொர்க்ஃப்ளோவ ஒரு தடவ கையால ஓட்டிப் பாருங்க, 100ஐத் தாண்டாத நாள்ல மெசேஜ் வராது, எரர் இல்லாம ஓடுனா முடிஞ்சது.